லிங்கன் ஒருவரையும் விடுவிக்கவில்லையா?

கரிசல்காட்டான் எழுதியது:

நேற்று ராத்திரி ஒரு காணொளி பார்த்தேன். பேசியவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். அடிமைமுறையை வைத்திருந்த தென் மாநிலங்கள் பிரிந்துபோய் வடக்கோடு மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 ஜனவரி 1 அன்று ஜனாதிபதி லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனத்தால் ஒரு அடிமைகூட விடுதலை ஆகவில்லையாம். தன் அதிகாரம் எட்டாத இடத்தில் விடுவித்தாராம், எட்டுகிற இடத்தில் கை வைக்கவில்லையாம்.

சரி, பார்த்துவிடலாம் என்று பிரகடனத்தையே தேடிப் படித்தேன். ஆள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தென் மாநிலமான டென்னசியின் பெயரே இல்லை. வடக்குப் படை ஏற்கெனவே பிடித்திருந்த நியூ ஆர்லியன்ஸும் அதைச் சுற்றிய பகுதிகளும் விலக்கு. பிற்பாடு மேற்கு வர்ஜீனியா ஆன மாவட்டங்களும் விலக்கு. அடிமைமுறையை வைத்துக்கொண்டே வடக்கோடு நின்ற கென்டக்கி, மிசூரி, மேரிலாந்து, டெலவேர் நான்கையும் பற்றிப் பேச்சே இல்லை. நடையோ கிரயப் பத்திரம் மாதிரி இருக்கிறது: இன்ன மாவட்டங்கள் சேரும், இன்னது நீங்கலாக. கிட்டத்தட்ட நாற்பது லட்சம் பேரின் தலையெழுத்து சம்பந்தப்பட்ட காகிதத்தில் கொஞ்சம் உணர்ச்சி இருக்க வேண்டாமா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கொள்கையா, போர்த் தந்திரமா, ஓட்டு அரசியலா?

எதிர்க்கட்சி எழுதியது:

தந்திரம்தான், இதற்கு ஒரு இழை வேறா?

1862 ஆகஸ்ட் 22-ல் நியூயார்க் பத்திரிகை ஆசிரியர் ஹொரேஸ் கிரீலிக்கு லிங்கனே எழுதியிருக்கிறார். ஒரு அடிமையையும் விடுவிக்காமல் ஒன்றியத்தை, அதாவது பிரியாத அமெரிக்காவைக் காப்பாற்ற முடிந்தால் அப்படிச் செய்வாராம். எல்லோரையும் விடுவித்தால்தான் முடியும் என்றால் அதையும் செய்வாராம். சிலரை விடுவித்து சிலரை விட்டுவைத்தால் முடியுமா, அதற்கும் தயார். இதைவிடப் பச்சையாக யார் சொல்வார்கள்?

அதற்கு ஒரு வாரம் முன்னால், ஆகஸ்ட் 14 அன்று, ஐந்து கறுப்பினப் பிரமுகர்களை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்து, நீங்களும் நாங்களும் பிரிந்திருப்பதே நல்லது, மத்திய அமெரிக்காவில் போய்க் குடியேறுங்கள் என்று உபதேசம் செய்தார். 1863-ல் ஹைத்தியை ஒட்டிய ஒரு தீவுக்கு 450 பேரைக் கப்பலேற்றியும் அனுப்பினார்கள். அம்மை, பட்டினி. மறு வருஷம் மிச்சமிருந்தவர்களைத் திரும்ப அழைத்து வர வேண்டியதாயிற்று.

வக்கீல் வெங்கு எழுதியது:

எதிர்க்கட்சியார் ஆவணத்தைச் சரியாகத்தான் காட்டுகிறார். அதற்கு முன்னால் நடந்ததை மட்டும் மறைத்துவிட்டார்.

கிரீலிக்குப் பதில் எழுதியபோது பிரகடனத்தின் வரைவு ஏற்கெனவே தயார். ஒரு மாதம் முன்பே, ஜூலை 22-ல், அமைச்சரவையில் வாசித்துக் காட்டிவிட்டார். வெளியுறவு அமைச்சர் செவார்டுதான், இப்போது வெளியிட்டால் தோற்று ஓடுகிறவனின் கடைசிக் கூக்குரல் போலத் தெரியும், ஒரு வெற்றி வரட்டும் என்று நிறுத்தினார். ஆகவே அந்தக் கடிதம் முடிவெடுக்காதவர் எழுதியதல்ல. வெள்ளைக்கார வாக்காளனை முன்கூட்டியே பதப்படுத்துகிறார். நாளை நான் விடுவித்தால் அது உன் ஒன்றியத்துக்காகத்தான் என்று இன்றே காதில் போட்டு வைக்கிறார். எல்லாக் கட்சிக்காரரும் செய்வதுதான்.

தம்பி கரிசல் கேட்ட பத்திர நடைக்கு வருகிறேன். அவரும் வக்கீல், அதை மறக்கக்கூடாது. அன்றைய அரசியல் சட்டப்படி ஒரு மாநிலத்துக்குள் இருக்கும் அடிமைமுறையைத் தொட ஜனாதிபதிக்கு அதிகாரம் கிடையாது. படைத் தலைவர் என்ற முறையில், எதிரியின் போர்ப் பலத்தைப் பறிக்கும் அதிகாரம் மட்டும் உண்டு. அந்த அதிகாரம் கலகம் நடக்கும் இடத்தில்தான் செல்லும். கென்டக்கி கலகம் செய்யவில்லை, அங்கே கை வைத்தால் மறுநாளே வழக்கு. உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி யார்? அதே டேனி. 1857-ல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் கறுப்பினத்தவர் குடிமக்களே ஆக முடியாது என்று தீர்ப்பு எழுதியவர். அவர் முன்னால் கவிதை செல்லாது. இன்ன மாவட்டம் நீங்கலாக என்றுதான் எழுதணும்.

"ஒருவர்கூட" என்பதும் தப்பு. தென் கரோலினாவின் கடலோரத் தீவுகளை வடக்குக் கடற்படை 1861 நவம்பரிலேயே பிடித்துவிட்டது. அந்தத் தீவுகள் விலக்குப் பட்டியலில் இல்லை. அங்கே இருந்த ஆயிரக்கணக்கானோர் அன்றைக்கே சட்டப்படி சுதந்திரர்கள். போர்ட் ராயல் முகாமில் ஓக் மரங்களுக்கு அடியில் கூட்டம் கூட்டி, பிரகடனத்தை அவர்கள் முன்னால் வாசித்தார்கள். காணொளிக்காரர் அந்தப் பக்கம் போகவில்லை போலிருக்கிறது.

தாமரைக்குளம் எழுதியது:

நீங்கள் எல்லோரும் வெள்ளை மாளிகையிலிருந்தே கதையைத் தொடங்குகிறீர்கள். வகுப்பில் நான் ஒரு படகிலிருந்து தொடங்குவேன்.

1861 மே 23. வர்ஜீனியா வாக்காளர்கள் பிரிவினைக்கு ஒப்புதல் கொடுத்த அதே நாள். அன்று இரவு ஃபிராங்க் பேக்கர், ஜேம்ஸ் டவுன்சென்ட், ஷெப்பர்ட் மல்லோரி என்ற மூன்று அடிமைகள் ஒரு சிறு படகில் துறைமுகத்தைக் கடந்து, வடக்குப் படையின் கையிலிருந்த மன்றோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். எதிர்க்கரையில் தெற்குப் படைக்குப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் இருந்தவர்கள் அவர்கள். எஜமான் ஒரு தெற்குக் கர்னல். அடுத்து தூர தேசத்துக்கு அனுப்பப் போகிறார், பெண்டாட்டி பிள்ளைகளைப் பிரிய வேண்டியிருக்கும் என்று தெரிந்து கிளம்பிவிட்டார்கள்.

கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர். தொழிலில் வக்கீல், வெங்கு சாருக்குப் பிடிக்கும். அடிமை ஒழிப்புக்காரரே அல்ல. ஒரு வருஷம் முன்னால் தன் கட்சி மாநாட்டில் பிற்பாடு தெற்கின் ஜனாதிபதியான ஜெஃபர்சன் டேவிஸையே வேட்பாளராக்கச் சுற்றுக்குச் சுற்று ஓட்டுப் போட்டவர். மறுநாள் தெற்கிலிருந்து ஒரு மேஜர் சமாதானக் கொடியோடு வந்து, தப்பியோடிய அடிமைச் சட்டப்படி மூவரையும் திருப்பிக் கொடு என்கிறார். உங்கள் மாநிலம் வெளிநாடு ஆகிவிட்டதே, வெளிநாட்டுக்கு அந்தச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்கிறார் பட்லர். பிரிய முடியாது என்று சொல்வது நீங்கள்தானே, அப்படியானால் வைத்துக்கொள்ள முடியாதே என்கிறார் மேஜர். பிரிந்துவிட்டோம் என்று சொல்வது நீங்கள்தானே, அப்படியானால் கேட்க முடியாதே என்று பட்லர் முடித்துவிட்டார். எதிரியின் போர்ச்சரக்கு என்று கணக்கு எழுதி மூவரையும் நிறுத்திக்கொண்டார். அன்றிலிருந்து அவர்களுக்கு "காண்ட்ராபேண்ட்" என்றே பெயர் விழுந்தது. மனிதனைச் சரக்கு என்று ஒத்துக்கொண்டுதான் அவனைக் காப்பாற்றினார்கள். எனக்கு இன்றும் நெருடுகிற இடம் அது.

செய்தி பரவியது. ஜூலை முடிவதற்குள் கோட்டையில் 900 பேர். குழந்தைகள், கிழவிகள் எல்லோரும் வந்தார்கள். கிழவி எப்படிப் போர்ச்சரக்கு ஆவாள்? வாஷிங்டன் ஏதாவது சொல்லியாக வேண்டிய நிலை. தெற்குப் படைக்கு வேலை செய்த அடிமைகளைப் பறிமுதல் செய்யலாம் என்று ஆகஸ்டில் காங்கிரஸ் முதல் பறிமுதல் சட்டம் போட்டது. 1862 ஜூலையில் இரண்டாவது சட்டம் இன்னும் தாராளமாக வந்தது. இவர்கள் நடந்து வந்தார்கள், சட்டம் பின்னால் வந்தது. லிங்கன் முன்னால் இருந்த ரோட்டைப் போட்டவர்கள் இவர்கள்தான்.

பழைய சாப்பர் எழுதியது:

டீச்சரம்மா சொன்னதோடு மண்வெட்டிக் கணக்கையும் சேர்க்கிறேன். ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் மண் வெட்டியவன், அந்தக் கண்ணால்தான் பார்ப்பேன்.

போர் என்றால் எல்லோருக்கும் துப்பாக்கி ஞாபகம் வருகிறது. துப்பாக்கி பேசுவது சில மணி நேரம். மீதி நாளெல்லாம் பதுங்குகுழி, மண் அரண், ரோடு, பாலம், சமையல், மாட்டு வண்டி. தெற்கில் அந்த வேலையில் பெரும்பங்கு அடிமைகள் தலையில். வயலிலும் அவர்களே. அதனால்தான் வெள்ளை ஆண்களில் அத்தனை பேரைத் தெற்கால் சண்டைக்கு அனுப்ப முடிந்தது. ஆகவே ஒரு ஆள் தப்பி வந்தால் கணக்கு ஒன்று அல்ல, இரண்டு. அங்கே ஒன்று குறைகிறது, இங்கே ஒன்று கூடுகிறது.

வந்தவர்கள் வெறுங்கையோடும் வரவில்லை. ராபர்ட் ஸ்மால்ஸ் என்று ஒருவர். சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் தெற்கின் பிளாண்டர் என்ற நீராவிக் கப்பலை ஓட்டியவர், அடிமை. 1862 மே 13 விடியுமுன், வெள்ளைக்கார அதிகாரிகள் கரையில் தூங்கப் போன நேரம். கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, வழியில் குடும்பத்தினரையும் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு கோட்டையையும் கடக்கும்போது சரியான விசில் சங்கேதம் கொடுத்துப் போனார். இருட்டில் தொப்பியைப் பார்த்த காவலன் கேப்டன் என்றே நினைத்தான். பீரங்கி எட்டாத தூரம் போனதும் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார். கப்பல், பீரங்கிகள், சங்கேதப் புத்தகம் எல்லாம் வடக்குக்கு. ஒரு ஒற்றன் பத்து வருஷம் வேலை செய்தாலும் இவ்வளவு வராது. பிற்பாடு காங்கிரஸ் உறுப்பினரும் ஆனார்.

இவ்வளவையும் வேண்டாம் என்று சொன்ன வடக்குத் தளபதி ஒருவர் இருந்தார், மெக்லெல்லன். 1862 ஜூலையில், தெற்கின் தலைநகர் ரிச்மண்டின் வாசல் வரை போய்த் திரும்பிய கையோடு, அடிமைமுறையில் கை வைக்காதீர்கள் என்று லிங்கனுக்கே கடிதம் கொடுத்தார். வேடிக்கை என்னவென்றால், பிரகடனத்துக்கு வேண்டிய வெற்றியும் அவர் கையால்தான் வந்தது. செப்டம்பர் 13, மேரிலாந்தில் ஒரு வயலில் வடக்குச் சிப்பாய்க்கு ஒரு உறை கிடைக்கிறது. உள்ளே மூன்று சுருட்டு. சுருட்டைச் சுற்றியிருந்த காகிதம் தெற்குத் தளபதி லீயின் உத்தரவு, எந்தப் பிரிவு எங்கே போகிறது என்பது முழுக்க. அது கையில் கிடைத்தும் மனிதர் உடனே பாயவில்லை. 17-ஆம் தேதி ஆன்டீட்டத்தில் ஒரே நாளில் இரு பக்கமும் சேர்த்து சுமார் 23,000 பேர் செத்தார்கள், காயப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். லீ பின்வாங்கினார். இதை வெற்றி என்று சொல்ல எனக்கு நாக்கு கூசும். லிங்கனுக்கு அது போதுமாக இருந்தது, ஐந்தாம் நாளே பிரகடனத்தின் முன்னறிவிப்பு வெளியானது.

கரிசல்காட்டான் எழுதியது:

சுபேதார் ஐயா, சுருட்டுக் கதை அருமை. எங்கள் பக்கத்துக்கும் இந்தப் போரில் ஒரு ஒட்டு உண்டு. தெற்கின் துறைமுகங்களை வடக்கு அடைத்ததும் லங்காஷயர் மில்களுக்குப் பஞ்சு வரவில்லை. சூரத் பஞ்சோடு திருநெல்வேலிப் பஞ்சுக்கும் திடீரென்று விலை ஏறியது, தூத்துக்குடி சுறுசுறுப்பானது. போர் முடிந்ததும் விலை விழுந்தது. அந்த ஏற்றத்தில் கடன் வாங்கினவர் கதையைத் தனியாக எழுதலாம்.

மட்டுறுத்துநர் எழுதியது:

தனியாகவே எழுதுங்கள். இழை அமெரிக்காவிலேயே இருக்கட்டும்.

வக்கீல் வெங்கு எழுதியது:

மட்டுறுத்துநர் கோபிக்க வேண்டாம், பஞ்சு தலைப்புக்குள்தான் வரும். 1862 இலையுதிர் காலத்தில் லண்டன் அமைச்சரவை மத்தியஸ்தம் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. தெற்கு எதிர்பார்த்ததும் அதைத்தான், மில் நின்றால் இங்கிலாந்து தானாக வரும் என்று. பிரகடனம் வந்த பிறகு தெற்கை அங்கீகரிப்பது அடிமைமுறைக்குக் கைகொடுப்பது என்று ஆகிவிட்டது. வேலை போன மான்செஸ்டர் தொழிலாளிகளே லிங்கனுக்கு ஆதரவுக் கடிதம் அனுப்பினார்கள். 1863 ஜனவரி 19-ல் நன்றி சொல்லிப் பதில் எழுதியிருக்கிறார்.

எதிர்க்கட்சி எழுதியது:

எல்லாம் சரி. மனிதர்களாக நடத்தினார்களா, அதைச் சொல்லுங்கள்.

வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். வடக்குப் படையில் சேர்த்துக்கொண்ட கறுப்புச் சிப்பாய்க்கு 10, அதிலும் துணிக்கு என்று 3 பிடித்தம், கையில் 7. கறுப்பினத்தவரின் மாசசூசெட்ஸ் 54-ஆம் படைப்பிரிவு 1863 ஜூலையில் வாக்னர் கோட்டை மேல் ஏறிச் செத்ததே, அந்தப் படைக்கும் அதே 7 டாலர்தான். வேண்டாம் என்று ஒரு வருஷத்துக்கு மேல் சம்பளமே வாங்காமல் நின்றார்கள். தென் கரோலினாப் படைப்பிரிவு ஒன்றில் சார்ஜென்ட் வில்லியம் வாக்கர் என்பவர், சம சம்பளம் இல்லை என்றால் வேலை இல்லை என்று தன் ஆட்களைத் துப்பாக்கிகளைக் கீழே வைக்கச் சொன்னார். கலகம் என்று சொல்லி 1864-ல் சுட்டுக் கொன்றார்கள். சுட்டது தெற்கு அல்ல, வடக்கு. அதே வருஷம் ஜூனில் காங்கிரஸ் சம்பளத்தைச் சமமாக்கியது. நாலு மாதம் முன்னால் ஆக்கியிருந்தால் ஒரு உயிர் மிஞ்சியிருக்கும்.

தாமரைக்குளம் எழுதியது:

மறுக்கவே மாட்டேன். இன்னொன்றும் சொல்கிறேன், கென்டக்கிக் கதை.

பிரகடனம் தொடாத மாநிலம். ஆனால் 1864-ல் ஆள் பற்றாக்குறை, அடிமைகளையும் சேர்க்க ஆரம்பித்தார்கள். சேர்ந்தவன் சுதந்திரன். அவன் மனைவி, பிள்ளை? அவர்கள் எஜமானின் அடிமைகளே. புருஷன் பட்டாளத்துக்குப் போன ஆத்திரத்தை எஜமான் அவர்கள் மேல் காட்டுவான். அதனால் குடும்பம் குடும்பமாக வடக்குப் படையின் நெல்சன் முகாமுக்கு வந்து குடிசை போட்டார்கள்.

ஜோசப் மில்லர் என்ற சிப்பாய் 1864 நவம்பர் 26-ல் கொடுத்த வாக்குமூலம் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. சில நாள் முன்பு, கடுங்குளிரில், மனைவியும் பிள்ளைகளும் முகாமை விட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவு. ஏழு வயதுப் பையனுக்கு உடம்பு சரியில்லை, வெளியே போனால் செத்துப்போவான் என்று காவலனிடம் சொல்லிப் பார்த்தார். வண்டியில் ஏறாவிட்டால் எல்லோரையும் சுடுவேன் என்று பதில். வண்டியில் ஏற்றினார்கள். அன்று இரவு வேலை முடிந்து அவர்களைத் தேடி ஆறு மைல் நடந்தார். நிக்கலஸ்வில் ஊரில் கறுப்பினத்தவரின் பழைய ஜெபக் கட்டடத்தில் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே ஒரு அடுப்பு, கிட்டே போகக்கூட இடமில்லை. பையன் செத்திருந்தான். இரவே முகாமுக்குத் திரும்பியாக வேண்டும், திரும்பினார். காலையில் மறுபடி நடந்து போய், தானே குழி வெட்டி, மகனைப் புதைத்துவிட்டு, முகாமுக்கு வந்தார்.

அந்த வெளியேற்றத்தில் சுமார் 400 பேர், செத்தவர்கள் நூற்றுக்கு மேல். செய்தி பத்திரிகைகளில் வந்து நாறியது. 1865 மார்ச் 3-ல் காங்கிரஸ் சட்டம் போட்டது: கறுப்பினச் சிப்பாயின் மனைவியும் பிள்ளைகளும் சுதந்திரர்கள், எந்த மாநிலமாக இருந்தாலும். கென்டக்கியிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட 24,000 கறுப்பினச் சிப்பாய்கள். லிங்கன் தொட முடியாத மாநிலத்தில் அடிமைமுறையை உள்ளிருந்து உடைத்தது பட்டாளத்தில் சேர அவர்கள் போட்ட கையெழுத்து, பலருக்குப் பெயர்கூட எழுதத் தெரியாத கையெழுத்து.

கரிசல்காட்டான் எழுதியது:

டீச்சர், இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் படிக்க முடியவில்லை.

வக்கீல் வெங்கு எழுதியது:

1864 ஆகஸ்டையும் சொல்லிவிட வேண்டும். வடக்குத் தளபதிகளில் கிராண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முடங்கிக் கிடக்கிறார், ஷெர்மன் அட்லாண்டாவுக்கு வெளியே நிற்கிறார், தேர்தல் நவம்பரில். எதிர் வேட்பாளராக வரப்போவது அதே மெக்லெல்லன். அடிமைகளை விடுவித்தால்தான் சமாதானம் என்ற நிபந்தனையைக் கைவிட்டால் தெற்கு பேச வரும் என்று சொந்தக் கட்சிக்காரர்களே நெருக்கினார்கள். லிங்கனும் ஒரு கடிதத்தில் கொஞ்சம் வளைந்து எழுதிவைத்தார். ஆகஸ்ட் 19-ல், அடிமையாக இருந்து தப்பி அடிமை ஒழிப்புத் தலைவரான ஃபிரடெரிக் டக்ளஸிடம் வாசித்துக் காட்டினார். அனுப்பாதீர்கள் என்றார் டக்ளஸ், அனுப்பவில்லை. அதோடு டக்ளஸிடமே ஒரு வேலையும் கேட்டார்: நான் தோற்பதற்குள் தெற்கிலிருந்து முடிந்த அளவு அடிமைகளை வடக்குப் பக்கம் கூட்டி வர ஒரு ஏற்பாடு செய்யுங்கள். நாலு நாள் கழித்து, நான் ஜெயிக்கப் போவதில்லை என்ற தொனியில் ஒரு காகிதம் எழுதி, படிக்கக் கொடுக்காமலே மடித்து அமைச்சர்களிடம் கையெழுத்து வாங்கினார்.

வெறும் தந்திரக்காரராக இருந்தால் அந்த ஆகஸ்டில்தான் கைவிட்டிருப்பார். லாபம் அங்கே இருந்தது. செப்டம்பர் 2-ல் அட்லாண்டா விழுந்தது, காற்று திரும்பியது. பிரகடனம் போர்க்கால உத்தரவு, போர் முடிந்தால் நிற்குமா என்ற சந்தேகம் அவருக்கே உண்டு. அதனால் அடிமைமுறையை நாடு முழுக்க ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்தம். 1864-ல் பிரதிநிதிகள் சபையில் தோற்ற அதே பதின்மூன்றாவது திருத்தம் 1865 ஜனவரி 31-ல் 119-க்கு 56 என்று தேறியது.

எதிர்க்கட்சி எழுதியது:

ஆகஸ்ட் விஷயத்தில் உங்களுக்கு அரை மதிப்பெண் தருகிறேன். ஹைத்தித் தீவுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்த சாட்சி தெற்கிலேயே இருக்கிறார். ஜார்ஜியாவின் ஹவல் காப், பெரிய பண்ணைக்காரர், தெற்குப் படை ஜெனரல். கடைசிக் காலத்தில் ஆள் இல்லாமல் தெற்கே அடிமைகளைச் சிப்பாய் ஆக்கலாமா என்று பேச்சு வந்தபோது, 1865 ஜனவரியில் எழுதினார்: அடிமைகள் நல்ல சிப்பாய்கள் ஆவார்கள் என்றால் அடிமைமுறை பற்றிய நம் சித்தாந்தம் முழுவதுமே தப்பு. மார்ச் 13-ல் சட்டமும் போட்டார்கள். ரிச்மண்ட் விழ மூன்று வாரம் பாக்கி.

பழைய சாப்பர் எழுதியது:

நல்ல சிப்பாய்களா என்றால், பீட்டர்ஸ்பர்க் சுரங்கத்தைச் சொல்ல வேண்டும். பென்சில்வேனியா நிலக்கரித் தொழிலாளிகள் 511 அடி சுரங்கம் தோண்டி, தெற்கின் அரணுக்கு அடியில் 8,000 பவுண்டு வெடிமருந்து வைத்தார்கள். முதலில் பாய்வதற்கென்று கறுப்பினப் பிரிவு ஒன்றைத் தயார் செய்திருந்தார்கள். தோற்றால் கறுப்பர்களைப் பலி கொடுத்தோம் என்று பேர் வரும் என்று வடக்குத் தளபதி மீட் கடைசி நாளில் மாற்றினார், கிராண்டும் தலையாட்டினார். பயிற்சி இல்லாத பிரிவைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்தார்கள். 1864 ஜூலை 30 விடியற்காலை வெடித்துப் பெரிய பள்ளம் விழுந்தது. பள்ளத்தைச் சுற்றிப் போக வேண்டியவர்கள் பள்ளத்துக்குள்ளேயே இறங்கினார்கள். அவர்களுடைய தளபதி பின்னால் பதுங்கு அறையில் ரம் குடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் கைமீறிய பிறகு கறுப்பினப் பிரிவை அனுப்பினார்கள், சரணடைந்தவர்களையும் தெற்குச் சிப்பாய்கள் கொன்றார்கள். முதலில் அவர்களையே அனுப்பியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று கிராண்ட் விசாரணையில் ஒத்துக்கொண்டார்.

சுரங்கத்துக்குக் காற்று எப்படிக் கொடுத்தார்கள் என்பது தனி வித்தை. உள்ளே நெருப்பு மூட்டி, புகைபோக்கி வழியாகக் கெட்ட காற்றை இழுத்தார்கள். படம் போட்டு விளக்கணும், நாளைக்குத் தனி இழை போடுகிறேன்.

கரிசல்காட்டான் எழுதியது:

போடுங்கள் ஐயா. காணொளிக்காரரின் கருத்துப் பெட்டியில் போர்ட் ராயல், கென்டக்கி இரண்டையும் எழுதிவிட்டு வந்தேன். இதுவரை பதில் இல்லை. கீழே ஒருவர் மட்டும், டெலவேர் எப்போது திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தது என்று கேட்டிருக்கிறார். தேடிப் பார்த்தேன். 1901.